முதல் பத்து மீட்டர்

கப்பல் நிற்கிற இடத்தில் கடல் பொய் சொல்லும்
என்றாள் யோவானா.
மூவாயிரம் டன் இரும்பு. அதன் அடிவயிறு
முதல் பத்து மீட்டர் தண்ணீரைத் துழாவிவிடுகிறது.
அலை கலக்கியது எவ்வளவு,
நாம் கலக்கியது எவ்வளவு?
பதினோரு நாள் அளந்த ஏட்டில்
மேல்வரிசை முழுவதையும் தானே
சிவப்பு மையால் அடித்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் பொழுது சாயும்போது
வின்ச்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.
பாரானிகோ, சின்னப் படகு ஓட்டுவாயா?

நான் கிரிசிமாஸ் தீவுக்காரன்.
எங்கள் ஊர்ப் பெயர் லண்டன்.
நீர்வாய்க்கு அக்கரையில் பாரீஸ்; அங்கே ஆளில்லை.
ஓட்டுவேன் என்றேன்.

முந்நூறு மீட்டர் தள்ளி எஞ்சினை அணைத்தேன்.
பூமத்திய ரேகையில் அந்தி என்று ஒன்று கிடையாது,
விளக்கை ஊதியது போல இருட்டிவிடும்.
கொண்டல் மட்டும் நிற்கவில்லை.
மேல்நீர் அதன் பின்னால் மேற்கே ஓட,
அடியில் இன்னொரு நீவாடு
கிழக்கே போய்க்கொண்டிருந்தது,
யாரிடமும் சொல்லாமல்.

கருவி என் தோளுயரம்.
வாலில் தூரிகை மயிர்,
மூக்கில் அரிசிமுனை அளவுக்கு ஓர் உணரி.
எடையோடு முப்பது மீட்டர் மூழ்கும்.
எடையை உதறிவிட்டு
மூக்கு மேலே பார்க்க எழும்பி வரும்,
இதுவரை யாரும் தொடாத தண்ணீர் வழியாக
அலையின் அடிப்பக்கம் வரை.

கயிற்றை இழுக்காதே, தொய்வாக விடு.
உன் கை நடுங்கினால்
கடல் நடுங்கியது என்று எழுதிவிடுவேன்.

நான்காவது முறை ஏதோ சொறிமீன் மோதி
உணரி செத்தது. மாற்றினோம்.
ஒன்பதாவது நன்றாக வந்தது.
பத்து, பதினொன்று...
அப்புறம் நான் எண்ணவில்லை.
அலை உடையும் ஓசை பின்னாலிருந்து வரும்,
படகு ஏறும், இறங்கும்,
அவள் மடியில் பிளாஸ்டிக் உறைக்குள்
ஒரு பச்சைக் கோடு சிலிர்த்துக்கொள்ளும்.

எவ்வளவு? என்று கேட்டேன்.
ஒரு கிலோ தண்ணீருக்கு
ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு.
அது நிறையவா?
நிறையத்தான். ஆனால் இதை நம்பிக் கெட்டிலை வைத்தால்
டீத்தண்ணீர் கொதிக்க ஆயிரம் வருஷம் ஆகும்.

சிரித்துவிட்டேன். படகு குலுங்கியது.

அவள் சிரிக்கவில்லை.
இந்தக் கஞ்சக் கைதான், என்றாள்,
வெயில் பகலெல்லாம் கொட்டிய சூட்டை
கீழே கொண்டுபோய்ச் சேர்க்கிறது,
கீழேயிருக்கும் குளிரைக் கிள்ளிக் கிள்ளி மேலே தருகிறது.
அது ஓய்ந்த வருஷம் எனக்கு ஏழு வயது.
கயாவோவில் ஒரு நெத்திலி இல்லை.
அப்பா படகை விற்று டாக்ஸி வாங்கினார்.
அந்த டாக்ஸியில் கடைசிவரை மீன் நாற்றம் வரவில்லை,
அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

எந்த வருஷம் என்று கேட்டேன்.
சொன்னாள்.

அந்த வருஷம் எங்களுக்குக் கச்சான் அடித்தது,
கிழக்கிலிருந்து வரவேண்டிய காற்று மேற்கிலிருந்து.
தீவின் பறவைகள் ஒரே வாரத்தில் எழுந்து போயின.
குஞ்சுகளை விட்டுவிட்டு.
நானும் தம்பியும் கருவாட்டைக் கரைத்து
ஊட்டிப் பார்த்தோம்.
அவை வாயைத் திறந்தபடியே இருந்தன,
விழுங்கத் தெரியாமல்.

இதைச் சொல்லி முடித்தேனா தெரியவில்லை.
கருவி மேலே வந்து மூக்கால் அலையைக் கிழித்தது.
இருவரும் குனிந்து தூக்கினோம்.

கப்பலுக்குத் திரும்பிய பிறகு
விடிகாலை மூன்று மணிக்கு
அவள் ஏட்டை எட்டிப் பார்த்தேன்.
இருபத்தோராவது வரிசையில், எட்டு மீட்டரில்,
ஒரு முள் தனியாக எழும்பி நின்றது.
சிவப்பு மையைத் தேடினேன். இல்லை.
ஓரத்தில் பென்சிலால், சின்ன எழுத்தில்:
இங்கே பாரானிகோ சிரித்தான்.